தசை கூட, கொழுப்பு கூடாமல் இருக்க: புதியவர்களுக்கான உணவு வழிகாட்டி

தசை வளர்வதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. முறையாக எடைப்பயிற்சி செய்யும் ஒருவருடைய உடல் ஒரு மாதத்தில் எவ்வளவு புதிய தசையைக் கட்ட முடியும் என்பதைப் பயிற்சியும் வயதும் மரபும் உறக்கமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உணவு போதாமற்போனால் அந்த வேகம் குறையும், ஆனால் தேவைக்கு மேல் எவ்வளவு உண்டாலும் அது தன் வரம்பைத் தாண்டாது. கொழுப்புக்கு அப்படிப்பட்ட வரம்பு ஏதும் இல்லை. உண்டதில் மிஞ்சியதையெல்லாம் உடல் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நார்வேயின் உயர்நிலை விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினர் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாக உண்டனர். தசைத் திரளில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றவில்லை. கொழுப்பின் அளவோ கூடுதலாக உண்டவர்களிடம் சுமார் 15 சதவீதமும் மற்றவர்களிடம் சுமார் 3 சதவீதமும் உயர்ந்திருந்தது. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன: கூடுதல் உணவு சிறிதாக இருக்க வேண்டும், அது போதுமா அதிகமா என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு குறிப்புகள். இக்கட்டுரையில் கலோரி என்று வருவதெல்லாம் உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிடப்படும் அளவையே குறிக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், உணவை எண்ணி எண்ணி உண்ணும் பழக்கத்தால் முன்பு மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் பேசாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

முதல் படி: கூடுதல் உணவு உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

தசை வேண்டும் என்றாலே உணவைக் கூட்ட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. தொப்புள் மட்டத்தில் அளவு நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால், உடலில் ஏற்கெனவே போதுமான ஆற்றல் சேமிப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகையவர்கள், அதிலும் எடைப்பயிற்சிக்குப் புதியவர்கள், உணவைக் கூட்டாமலே தசையைப் பெற முடியும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதிக எடை கொண்ட இளைஞர்கள் நான்கு வாரங்களுக்குத் தங்கள் தேவையில் 40 சதவீதம் குறைவாக உண்டு, கடுமையாகப் பயிற்சி செய்தனர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.4 கிராம் புரதம் உண்ட பிரிவினர் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பு அல்லாத உடல் திரளில் 1.2 கிலோ கூடவும் செய்தனர். அதில் பாதிப் புரதம் உண்ட பிரிவினரும் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள் என்றாலும் அவர்களுடைய தசை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. ஆய்வுக்கூடத்தின் அந்தக் கடும் குறைப்பை வீட்டில் யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. இடுப்பு பெருத்தவர்கள் தேவையைவிட 300 முதல் 400 கலோரி வரை மட்டும் குறைத்து, புரதத்தை உயர்த்திப் பயிற்சி செய்தால் போதும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்குமே அடுத்து வரும் கூடுதல் உணவுக் கணக்கு.

இரண்டாம் படி: எடை மாறாத அளவைக் கண்டுபிடியுங்கள்

எடை கூடவும் குறையவும் செய்யாமல் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணக்கூடிய கலோரியே அவருடைய நிலை அளவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூட்டுவதும் குறைப்பதும் இருட்டில் அம்பெய்வதற்குச் சமம். தோராயமான தொடக்கத்துக்கு 1990 முதல் வழக்கில் உள்ள மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25ஆல் பெருக்கி அதனோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் இறுதியில் 5ஐக் கூட்ட வேண்டும், பெண்கள் 161ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல். உட்கார்ந்து வேலை செய்து, வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சி செய்பவர் அதை ஏறத்தாழ 1.5ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

70 கிலோ எடையும் 175 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 25 வயது ஆணுக்கு ஓய்வு ஆற்றல் ஏறத்தாழ 1,674 கலோரி, நிலை அளவு ஏறத்தாழ 2,500 கலோரி. 60 கிலோ எடையும் 162 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 30 வயதுப் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 1,950 கலோரி.

சூத்திரம் சொல்வது ஊகமே. உண்மையை எடைக்கருவிதான் சொல்லும். அடுத்த இரண்டு வாரங்களுக்கு, காலையில் கழிவறைக்குச் சென்று வந்த பின், எதையும் உண்பதற்கும் பருகுவதற்கும் முன்பு, ஒரே கருவியில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். இதே நாட்களில் உண்பதையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். இரண்டாம் வாரச் சராசரி முதல் வாரச் சராசரியோடு ஒத்திருந்தால், நீங்கள் உண்ட அளவே உங்கள் நிலை அளவு.

நிறுக்கும்போது பெரும்பாலானோர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, பச்சைப் பொருளின் எடையையும் வெந்த பொருளின் எடையையும் குழப்பிக்கொள்வது: 100 கிராம் பச்சை அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி இருக்கும், 100 கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 130 கலோரிதான் இருக்கும். மற்றொன்று, எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. கண்ணளவில் ஊற்றும் கை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டால், நாம் திட்டமிடப் போகும் கூடுதல் கலோரி முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். வாழ்நாள் முழுவதும் நிறுத்து உண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடக்கத்து இரண்டு மூன்று வாரங்கள் நிறுத்துப் பழகியவர்களுக்கு, பின்னர் கண்ணளவே பெரும்பாலும் போதுமான அளவு சரியாக வந்துவிடுகிறது.

மூன்றாம் படி: சிறிதளவு கூட்டுங்கள்

நிலை அளவோடு 5 முதல் 10 சதவீதம், அதாவது பெரும்பாலானோருக்கு 100 முதல் 250 கலோரி வரை கூட்டினால் போதும். நம் எடுத்துக்காட்டில் உள்ள ஆணுக்கு 2,700 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சிறிய மாற்றத்தால் என்ன நடந்துவிடும் என்ற ஐயம் புதியவர்களுக்கு எழுவது இயல்பே. தசையின் பெரும்பகுதி நீர் என்பதால் ஒரு கிலோ தசைக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல், ஒரு கிலோ உடல் கொழுப்பில் அடங்கியிருக்கும் ஏறத்தாழ 7,700 கலோரியைவிட மிகவும் குறைவு. அதைக் கட்டுவதற்கான செலவையும் சேர்த்தாலும் மாதத்துக்குச் சில நூறு கிராம் தசைக்கு மலையளவு உணவு வேண்டியதில்லை.

கூடுதல் உணவுக்கு எல்லா உடல்களும் ஒரே விதமாக விடை சொல்வதில்லை என்பதையும் இங்கே அறிந்துகொள்வது நல்லது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரங்கள் நாள்தோறும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்பே கூடியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ கூடியது. கூடுதலாக உண்டதும் தம்மையறியாமலே அதிகம் நடப்பதும், நிற்பதும், அசைவதுமாக ஆற்றலைச் செலவிட்டவர்களுக்குக் கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது. ஆகவே நண்பருக்குப் பொருந்திய அளவு உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: புரதத்தை உறுதி செய்யுங்கள்

இந்த முயற்சியில் ஒன்றை மட்டுமே சரியாகச் செய்ய முடியும் என்றால், அது புரதமாக இருக்கட்டும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 25 பேர் எட்டு வாரங்கள் தேவையைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக உண்டனர். மொத்தக் கலோரியில் புரதத்தின் பங்கு மட்டும் 5, 15, 25 சதவீதம் என்று மூன்று பிரிவினருக்கும் வேறுபட்டது. கொழுப்பு மூவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. ஆனால் 5 சதவீதப் பிரிவினர் அவ்வளவு உண்டும் கொழுப்பு அல்லாத உடல் திரளை இழந்தனர். மற்ற இரு பிரிவினருக்கும் அது ஏறத்தாழ 3 கிலோ கூடியது. கூடுதல் கலோரியைத் தசையின் பக்கம் திருப்பும் வாய்ப்பு புரதத்தால்தான் கிடைக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, எடைப்பயிற்சி செய்வோரிடம் உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரதத்தைக் கூட்டக் கூட்டத் தசை வளர்ச்சியும் கூடியதாகவும், அதற்கு மேல் சராசரியில் பலன் தெரியவில்லை என்றும் காட்டியது. சிலருக்கு 2.2 கிராம் வரை பயன்தரக்கூடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராமிலிருந்து 154 கிராம் வரை என்று ஆகிறது. பொதுவாக வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 0.8 கிராம், குறைபாடு வராமல் காப்பதற்கான அளவு. தசை வளர்ப்பவருக்கு அது போதாது. அதிக உடல் எடை கொண்டவர்கள் தற்போதைய எடைக்குப் பதிலாகத் தாங்கள் அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்கிடலாம்.

கொழுப்பைக் கட்டுப்படுத்த விரும்புபவர்கள் ஓர் உணவில் எவ்வளவு புரதம் உள்ளது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்தப் புரதத்தோடு எத்தனை கலோரி சேர்ந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 25 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தோல் நீக்கி வேகவைத்த கோழியின் நெஞ்சுக்கறியில் அது ஏறத்தாழ 135 கலோரியோடு கிடைக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலில் 250 கலோரியோடும், நான்கு முட்டைகளில் 290 கலோரியோடும், வெந்த பருப்பில் ஏறத்தாழ 320 கலோரியோடும் கிடைக்கிறது. வேர்க்கடலையில் அதே 25 கிராமைப் பெற 570 கலோரி வரை உண்ண வேண்டியிருக்கும். கடலையையும் பாதாமையும் புரத உணவு என்று நம்பிக் கைநிறைய உண்பவர்களுடைய இடுப்பு ஏன் பெருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. அவை நல்ல உணவுகள்தாம். கொழுப்பு உணவுகளின் கணக்கில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாவர உணவு மட்டும் உண்பவர்களுக்கு இந்த இலக்கு எட்டாததல்ல, ஆனால் திட்டமிடல் கூடுதலாகத் தேவை. தாவரப் புரதங்களின் செரிமானமும், தசைக் கட்டுமானத்தைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலத்தின் (புரதத்தின் அடிப்படை அலகுகளில் ஒன்று) அளவும் சற்றுக் குறைவாக இருப்பதால், 1.8 முதல் 2 கிராம் வரை இலக்காக வைப்பது நல்லது. தானியத்தில் குறையும் அமினோ அமிலம் பருப்பில் இருக்கும், பருப்பில் குறைவது தானியத்தில் இருக்கும்; ஒரே வேளையில் இல்லாவிட்டாலும் ஒரே நாளில் இரண்டும் இடம்பெற வேண்டும். கொழுப்பு நீக்கிய சோயா உருண்டைகளில் உலர்ந்த நிலையில் எடையில் பாதியளவு புரதம் இருப்பதால் அவை பெரிய துணை. பாலும் முட்டையும் கூட உண்ணாதவர்கள் வைட்டமின் பி12ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கட்டாயம் எடுக்க வேண்டும். பருப்பு வகைகளை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

ஐந்தாம் படி: மீதியைக் கொழுப்புக்கும் மாவுச்சத்துக்கும் பங்கிடுங்கள்

இது எளிய கணக்கு. புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன, கொழுப்பு 9 தருகிறது. கொழுப்பை உடல் எடையின் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் என்று வைத்துக்கொண்டு, எஞ்சியதையெல்லாம் மாவுச்சத்துக்கு விட்டுவிடலாம். 2,700 கலோரி உண்ணும் நம் 70 கிலோ மனிதருக்கு 112 கிராம் புரதம் 448 கலோரி ஆகிறது, 70 கிராம் கொழுப்பு 630 கலோரி ஆகிறது. எஞ்சும் 1,622 கலோரி ஏறத்தாழ 405 கிராம் மாவுச்சத்து. கொழுப்பைக் குறைக்கும் ஆர்வத்தில் அதை மொத்தக் கலோரியில் 20 சதவீதத்துக்கும் கீழே நீண்ட நாட்கள் வைத்திருக்க வேண்டாம். ஹார்மோன்களுக்கும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களுக்கும் அது தேவை. மாவுச்சத்தையும் அஞ்ச வேண்டியதில்லை, கனமான எடையைத் தூக்கும் தசை முதன்மையாக அதைத்தான் எரிக்கிறது. காய்கறி, பழம், முழுத் தானியம் ஆகியவற்றால் நாளொன்றுக்கு 25 முதல் 35 கிராம் நார்ச்சத்து வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நாளுக்குள் பிரித்து வையுங்கள்

புரதத்தை நான்கு வேளைகளாக, வேளைக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் பிரிப்பது நல்ல ஏற்பாடு. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 28 கிராம். பலருடைய நாளில் காலை உணவு மாவுச்சத்தாகவே கழிந்து, புரதம் முழுவதும் இரவில் வந்து சேர்கிறது. காலை வேளையை மட்டும் திருத்தினாலே நாளின் இலக்கு எட்டிவிடும் என்பது பலருக்கும் பொருந்தும்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் உழைப்பு வீண் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படுவதை நம்பி அவசரப்பட வேண்டாம். எடைப்பயிற்சிக்குப் பிறகு தசைக் கட்டுமானம் 24 மணி நேரத்துக்கும் மேலாக உயர்ந்தே இருக்கிறது. பயிற்சிக்கு ஓரிரு மணி நேரம் முன்பு ஒரு வேளையும், முடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் ஒரு வேளையும் இயல்பாக அமைந்தால் போதும்.

பசியே எடுக்காத ஒல்லியானவர்களுக்கு, திட உணவோடு பாலும் பழமும் அடித்த பானமும் உதவும், ஏனெனில் திரவம் வயிற்றை விரைவில் நிறைக்காது. அதே காரணத்தால், எளிதில் எடை போடும் உடல்வாகு உள்ளவர்கள் கலோரியைப் பருகுவதைத் தவிர்த்து, மென்று உண்ணும் உணவுகளாலேயே கணக்கை நிறைவு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: நான்கு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்த்துத் திருத்துங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே பெரும்பாலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வாரச் சராசரி எடை, வாரம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய எடையும் அதைத் தூக்கிய முறைகளின் எண்ணிக்கையும் ஆகிய மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்புச் சதவீதத்தைக் காட்டும் வீட்டு எடைக்கருவிகள் உடலின் நீர் அளவைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பதால், அவற்றின் எண்ணை வைத்து எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம் வரை கூடுவதே நல்ல வேகம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 175 முதல் 350 கிராம். பெண்களும், ஓராண்டுக்கு மேல் முறையாகப் பயிற்சி செய்தவர்களும் கீழ் எல்லையை ஒட்டியே இருக்கட்டும். முதல் இரண்டு வாரங்களில் எடை திடீரென்று ஒரு கிலோ கூட உயரலாம். மாவுச்சத்து கூடும்போது தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து) ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது, குடலில் இருக்கும் உணவின் எடையும் கூடுகிறது. ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து ஒப்பிடுங்கள். மாதவிடாய்ச் சுழற்சியால் எடை ஏறி இறங்கும் பெண்கள், சுழற்சியின் ஒரு கட்டத்தை அடுத்த சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

நான்கு வார முடிவில் எடை இந்த வேகத்தைவிட மெதுவாகக் கூடியிருந்தால் 100 முதல் 150 கலோரியை மாவுச்சத்தாகச் சேருங்கள். வேகமாகக் கூடி, இடுப்பும் பெருத்திருந்தால் அதே அளவைக் குறையுங்கள். எடை கூடாமலே தூக்கும் வலிமை வளர்ந்து இடுப்பும் சிறுத்து வந்தால், தொடக்கநிலையினருக்குக் கிடைக்கும் அரிய காலம் அது. எதையும் மாற்ற வேண்டாம். எடையும் இடுப்பும் கூடி, வலிமை மட்டும் கூடவில்லை என்றால், குறை உணவில் இல்லை. பயிற்சியில் சுமை படிப்படியாக ஏறுகிறதா, ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்தில் 10 தொகுப்புகள் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து சில முறை தூக்குவது ஒரு தொகுப்பு) அளவுக்காவது வேலை கிடைக்கிறதா, இரவில் 7 மணி நேரமாவது உறங்குகிறீர்களா என்று பாருங்கள். தூண்டுதல் இல்லாத தசைக்கு உணவை அனுப்பிப் பயனில்லை.

துணைப்பொருட்களைப் பற்றி

புரதப் பவுடர் பாலிலிருந்தோ தாவரத்திலிருந்தோ பிரித்தெடுத்த உணவே. உணவால் இலக்கை எட்ட முடிந்தால் அது தேவையில்லை, முடியாதபோது வசதியானது. தசைக்கு விரைவாக ஆற்றல் கிடைக்க உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற பொருளை நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பது பயிற்சியின் பலனைக் கூட்டும் என்பதற்கு ஏராளமான சான்றுகள் உள்ளன. தொடங்கிய சில வாரங்களில் தசைக்குள் நீர் சேர்வதால் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை உயரக்கூடும். அதைக் கொழுப்பு என்று எண்ணி உணவைக் குறைத்துவிடாதீர்கள். போதுமான புரதம் உண்பவருக்குத் தனியாக அமினோ அமிலப் பொடிகளை வாங்குவது வீண் செலவு. விரைவில் எடை கூட்டுவதாகச் சொல்லும் மாவுகள் பெரும்பாலும் சர்க்கரைச் சத்தே மிகுந்தவை என்பதால், இந்த வழிகாட்டியின் நோக்கத்துக்கு அவை எதிரானவை.

எப்போது நிறுத்துவது

மூன்று முதல் ஆறு மாதம் வரை இப்படித் தொடரலாம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியை நெருங்கினால், மாதக் கணக்கு முடியாவிட்டாலும் அப்போதே நிறுத்திவிடுங்கள். முதலில் இரண்டு மூன்று வாரங்கள் நிலை அளவில் உண்ணுங்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டியிருந்தால், அதன் பிறகு 300 முதல் 500 கலோரி வரை குறைத்து, புரதத்தைக் கிலோவுக்கு 2 கிராம் அளவுக்கு உயர்த்தி, எடை இழப்பு வாரத்துக்கு 0.5 முதல் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் எடைகளை இலகுவாக்கி முறைகளைப் பெருக்கும் வழக்கம் தசையைக் காக்காது; தொகுப்புகளின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தாலும், முன்பு தூக்கிய சுமையையே இயன்றவரை தூக்குங்கள். மீண்டும் உணவைக் கூட்டும் காலம் வரும்போது பழைய கணக்கை எடுத்து வைக்காமல், இரண்டாம் படியில் சொன்னபடி நிலை அளவைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். மாறிய உடலுக்கு அந்த எண்ணும் மாறியிருக்கும்.